பதினோரு மட்டை

பிஸெர்த்திலிருந்து கிளம்பியபோது நான்கு பேர்,
ஒரு படகு, ஆளுக்குக் கால் பங்கு.
தன் காலில் சமையலறை வருகிறது
என்பது மொன்ஜியின் கணக்கு.
அதனால் மிளகாய்க் குழம்பைத் தவிர
வேறெதுவும் அவன் வைப்பதில்லை.

கெலிபியாவில் கோட்டைக்குக் கீழே
தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம்.
குழாயை மூடியபடி,
முதுகைக் காட்டியபடி சொன்னான் ஸுபைர்:
என் காலை விற்றுவிட்டேன்.
மொன்ஜி குனிந்து அவன் காலைப் பார்த்தான்.
யாரும் சிரிக்கவில்லை.

எவனுக்கு, எதற்கு என்று நஸீஹா கேட்கவில்லை.
சுக்கானைப் பிடித்தவள்
மஹ்தியா வரை விடவில்லை.
நல்ல காற்று.
ஆனால் பேச்சில்லாத படகில்
ஒரு கரண்டி விழுந்தாலும்
யாரோ வைதது போலிருக்கிறது.

கெர்க்கென்னா தீவுகளுக்குப் பக்கத்தில்
குறுக்குவழி ஒன்றைப் பிடித்தோம்.
சரியாகப் போயிருந்தால் ஸ்ஃபாக்ஸில் ராச்சாப்பாடு.
வரைபடத்தில் எண்கள் சிறுத்துக்கொண்டே வந்தன:
ஆறு, நான்கு, இரண்டு.
நான் பார்த்தேன். அவர்களும் பார்த்தார்கள்.
பேசாதவர்கள் ஆழத்தையும் சொல்வதில்லை.

முதலில் ஏதோ முறியும் சத்தம்.
பிறகு ஒரு பெருமூச்சு.
மாலை ஐந்து மணிக்குக் கடற்புல்லின்மேல்
ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது படகு.

கடல் வற்றட்டும், கருவாடு தின்னலாம் என்று
உடல் வற்றிச் செத்த கொக்கு
இந்தப் பக்கம் பறந்து வந்திருக்கலாம்.
ஆறு மணி நேரம் பொறுத்தால் போதும்.
மற்ற கரைகளில் அசையாமல் கிடக்கும் கடல்
இங்கே மட்டும்
எழுந்து வெளியே போய்விட்டு வருகிறது,
கதவைக்கூடச் சாத்தாமல்.

அந்தத் திறந்த வாசலில்
ஒரு பெண் நடந்து வந்தாள்.
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்,
வாளியில் இரண்டு பேய்க்கணவாய்,
வாயில் எங்கள் ஏழு தலைமுறைக்குமான வசவு.
பெயர் மப்ரூக்கா. எங்கள் வயதுதான்.
நாங்கள் ஏறிப் படுத்திருந்தது அவளுடைய மீன்வேலி:
சேற்றில் வரிசையாக ஊன்றிய பேரீச்ச மட்டைகள்,
கடலைப் பாத்தி கட்டியது போல.
டார்ச் அடித்து எண்ணினாள்.
பதினொன்று.

ஸுபைர் பணத்தை நீட்டினான்.
கால் விற்ற காசா, என்றாள் நஸீஹா.
ஒன்றரை நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.
மப்ரூக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.
நோட்டை ஊன்றினால் மீன் அடையாது.
மட்டையை ஊன்றுங்கள், தண்ணீர் வருவதற்குள்.

முழு நிலா.
நாங்கள் கடலுக்குள் நின்றோம், கடல் இல்லை.
மொன்ஜி மட்டைகளைச் சுமந்து வர,
நான் குழி தோண்ட,
நஸீஹா நட்டுக்கு நிறுத்திப் பிடிக்க,
விற்காத காலால்
சேற்றை மிதித்து இறுக்கினான் ஸுபைர்.

நான்காவது மட்டையிலோ ஐந்தாவதிலோ
தரையைப் பார்த்துச் சொன்னான்:
தம்பிக்கு ஓர் இடம் வாங்கினேன்.
வேறொரு படகில். வடக்கே போகிற படகில்.

நஸீஹா பிடித்திருந்த மட்டை கொஞ்சம் சாய்ந்தது.
மப்ரூக்கா வந்து அதை நிமிர்த்தினாள்.
எந்த மாதம் என்று கேட்டாள்.
மார்ச் கடைசி.
கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டுவிட்டு,
மார்ச் கடைசியில் காற்று நன்றாகத்தான் இருந்தது
என்றாள்.
அது உண்மையா என்று
நான்கு பேருக்கும் தெரியும். ஒருவரும்
யோசித்துப் பார்க்கவில்லை.

விடிகாலை மூன்றுக்கு முதலில் கணுக்கால் நனைந்தது.
ஒரு பேய்க்கணவாயை
எங்கள் படகில் வீசிவிட்டு அவள் போனாள்.
திட்டிக்கொண்டேதான் போனாள்.
படகு முதுகை நெளித்து எழுந்தது.

சுக்கானை ஸுபைரிடம் தள்ளிவிட்டு
அணியத்துக்குப் போய் உட்கார்ந்தாள் நஸீஹா,
மடியில் வரைபடம், கையில் ஈயக்குண்டுக் கயிறு.
இருட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்:
ஒன்றரை.
இரண்டு.
இரண்டேகால்.
அந்தக் கால் யாருடையது என்று
கீழேயிருந்து கத்தினான் மொன்ஜி,
வெங்காயம் உரித்துக்கொண்டு.
நான்கு, என்றாள் அவள்.
நான்கு, என்றான் ஸுபைர்.